டி.ஐ. கேள்விகளில் தோராயமா, துல்லியமா? முதன்முறை வங்கித் தேர்வு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

வங்கி கிளார்க் பணிக்கான ப்ரிலிம்ஸ் தேர்வில் கணிதப் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 விநாடிதான் கிடைக்கும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழியும். இந்த 35 கேள்விகளில் ஒரே பட்டைப் படத்தையோ வட்டப் படத்தையோ அட்டவணையையோ வைத்துத் தொகுப்பாகக் கேட்கப்படுபவற்றைத்தான் டேட்டா இன்டர்பிரெட்டேஷன் என்றும், கோச்சிங் சென்டர் வழக்கில் சுருக்கமாக டி.ஐ. என்றும் சொல்கிறார்கள். ஒரு தொகுப்பில் பெரும்பாலும் ஐந்து கேள்விகள் இருக்கும்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பகுதிகளிலிருந்து முதன்முறையாக இந்தத் தேர்வுக்கு வரும் பட்டதாரிகள் பலருக்குச் சதவீதம், விகிதம், சராசரி மூன்றும் நன்றாகவே தெரியும். ஆயினும் டி.ஐ. தொகுப்பில் ஆறு ஏழு நிமிடங்களை இழந்துவிட்டு, மீதமுள்ள எளிய கேள்விகளைத் தொடாமலே வெளியே வருகிறார்கள். பள்ளிப் பொதுத்தேர்வில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், வகுத்தலை இரண்டாவது தசமம் வரை கொண்டுபோகும் பழக்கம் கையில் ஊறிவிட்டது. வங்கித் தேர்வின் கணினித் திரைக்கு அந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. நீங்கள் எந்த ஆப்ஷனைக் கிளிக் செய்தீர்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இன்னொரு வகையினர், யூடியூபில் நாலைந்து ஷார்ட்கட் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லா எண்களையும் நூறுகளாக்கி, 73, 78 என்று அருகருகே நிற்கும் ஆப்ஷன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள். இரு சாராரும் கேள்வியைப் படித்த உடனே முறையை முடிவு செய்துவிடுகிறார்கள். முறையை முடிவு செய்ய வேண்டியது கேள்வி அல்ல, அதன் கீழே உள்ள ஐந்து ஆப்ஷன்களுக்கு இடையிலான இடைவெளி.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் கூடையை எடுக்கும் வியாபாரி கண்ணால் அளந்து விலை கேட்கிறார். அதே வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாடிக்கையாளருக்கு விற்கும்போது தராசு வைக்கிறார். எந்த இடத்தில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாம் கற்க வேண்டியதும் அதுதான்.

இக்கட்டுரை முழுவதற்கும் ஒரே தரவை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் ஐந்து மாத விற்பனை, ஆயிரம் ரூபாயில், பட்டைப் படமாகத் தரப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 412, செப்டம்பர் 387, அக்டோபர் 689, நவம்பர் 534, டிசம்பர் 468. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

முதல் படி: படத்தைப் படித்தல்

பத்து விநாடி போதும், ஆனால் அந்தப் பத்து விநாடியைச் செலவிட்டே ஆக வேண்டும். தலைப்பு என்ன, அலகு என்ன (ஆயிரமா, லட்சமா, சதவீதமா), செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. நமது படத்தின் அச்சு 300இல் தொடங்கியிருந்தால், நவம்பர் பட்டை ஆகஸ்ட் பட்டையைவிட இரு மடங்குக்கும் மேல் உயரமாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 412ஐவிட 534 சுமார் 30 சதவீதம்தான் அதிகம். பட்டையின் உயரத்தைக் கண்ணால் ஒப்பிட்டு விடை சொல்வது பூஜ்யத்தில் தொடங்கும் அச்சுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்து, ஐந்து கேள்விகளையும் ஒருமுறை வேகமாகப் புரட்டிவிட வேண்டும். இரண்டு கேள்விகளுக்கு மொத்த விற்பனை தேவைப்படும் என்று தெரிந்தால், மொத்தத்தை ஒரே முறை துல்லியமாகக் கூட்டி (2490) ரஃப் ஷீட்டின் மூலையில் எழுதிவைப்பது லாபம். ஒரே ஒரு கேள்விக்குத்தான் தேவை, அதன் ஆப்ஷன்களும் விலகி நிற்கின்றன என்றால் 2500 என்று வைத்துக்கொண்டு போய்விடலாம்.

இரண்டாம் படி: எது அடிமானம்?

சதவீதக் கேள்வியில் எந்த எண்ணால் வகுக்க வேண்டும் (அதுதான் அடிமானம்) என்பதைத் தவறவிட்டால், தோராயமும் துல்லியமும் ஒருசேரப் பயனற்றுப்போகும். இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், தமிழ் வினாத்தாளில் இதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். "அக்டோபர் விற்பனை செப்டம்பர் விற்பனையை விட எத்தனை சதவீதம் அதிகம்" என்றால், 'விட' என்பதற்கு முன்னால் நிற்பது கீழே போகும். "மொத்தத்தில் அக்டோபரின் பங்கு எத்தனை சதவீதம்" என்றால், மொத்தம் கீழே போகும். தவறான அடிமானத்தால் வகுத்தால் கிடைக்கும் விடையையும் ஆப்ஷன்களில் ஒன்றாக வைத்துவிடுவது வினா தயாரிப்பவர்களின் பழைய வழக்கம். ஆகவே, கிடைத்த விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பதாலேயே அது சரியென்று ஆகிவிடாது.

மூன்றாம் படி: பேனாவைத் தொடுவதற்கு முன் ஆப்ஷன்கள்

மொத்த விற்பனையில் அக்டோபரின் பங்கு தோராயமாக எத்தனை சதவீதம் என்பது கேள்வி. ஆப்ஷன்கள் 21, 24, 28, 33, 37 என்று கொள்வோம். அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே குறைந்தது மூன்று இடைவெளி இருக்கிறது. ஐந்து மாதங்களையும் 400, 400, 700, 530, 470 என்று ஆக்கினால் கூட்டுத்தொகை 2500. அக்டோபரை 690 என்று வைத்தால், 2500இல் 25 சதவீதம் 625, மீதி 65. 2500இல் ஒரு சதவீதம் 25 என்பதால் மேலும் இரண்டரைக்குச் சற்று மேல். ஆக 27.6. விடை 28. துல்லியமாக வகுத்தாலும் 27.67தான் வரும்.

இது ஏன் பாதுகாப்பானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் புதிய கேள்வியிலும் தைரியம் வரும். 28க்கு மிக அருகில் இருக்கும் போட்டி ஆப்ஷன் 24. இடைவெளி நான்கு, அதில் பாதி இரண்டு. 28இல் இரண்டு என்பது பதினான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஏழு சதவீதம். எண்களை மழுப்பியதால், அதாவது அருகிலுள்ள எளிய எண்களாக்கியதால், நேர்ந்த மொத்தப் பிழை ஏழு சதவீதத்துக்குள் இருக்கும்வரை விடை மாறாது. 2490ஐ 2500 ஆக்கியதில் வந்த பிழை அரை சதவீதம்கூட இல்லை. அருகிலுள்ள ஆப்ஷனுக்கான இடைவெளியில் பாதி, அதுதான் உங்கள் கையிலுள்ள சலுகை. அதைத் தாண்டாதவரை எவ்வளவு வேண்டுமானாலும் மழுப்பலாம். தேர்வறையில் இதை எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சியில் கண்ணே சொல்லிவிடும்.

தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பொன்றில் இதே மாதிரிக் கேள்வியைக் கொடுத்தபோது, ஒரு மாணவி 68900ஐ 2490ஆல் நீள் வகுத்தலில் வகுத்துக்கொண்டிருந்தார். ஈவில் முதலில் 2 விழுந்தது, அடுத்து 7 விழுந்தது. அந்த இடத்திலேயே 21, 24, 33, 37 நான்கும் வெளியேறிவிட்டன. ஆனால் அவருடைய பேனா நிற்கவில்லை. புள்ளி வைத்து, பூஜ்யம் சேர்த்து, 27.67 என்று முடித்து, அடியில் இரண்டு கோடுகளும் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். விடை சரி. செலவான நேரத்தில் இன்னொரு கேள்வியை முடித்திருக்கலாம்.

நான்காம் படி: மழுப்பும்போது திசையைக் கவனித்தல்

இப்போது கொஞ்சம் கடினமான இடம். அக்டோபர் விற்பனை செப்டம்பரை விட எத்தனை சதவீதம் அதிகம்? ஆப்ஷன்கள் 68, 73, 78, 83, 88. வித்தியாசம் 302; அடிமானம் 387. அவசரத்தில் 300ஐ 400ஆல் வகுத்தால் 75. அது 73க்கும் 78க்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. இந்த இடத்தில் 73ஐக் கிளிக் செய்பவர்களும் உண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழு வகுத்தலில் இறங்குபவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை.

நாம் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்த்தால் போதும். மேலேயுள்ள எண்ணைக் குறைத்தோம், கீழேயுள்ள எண்ணைக் கூட்டினோம். இரண்டு செயல்களும் விடையைக் குறைக்கவே செய்யும். எனவே உண்மையான விடை 75ஐவிட நிச்சயமாக அதிகம். 68, 73 இரண்டும் போயின. 78ஆ, 83ஆ என்பதற்கு 80 சதவீதத்தை உரைகல்லாக வைப்போம்: 387இல் 80 சதவீதம் 309.6. நம் வித்தியாசம் 302, அதைவிடக் குறைவு. ஆகவே விடை 80க்குக் கீழே, 78.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறக்கிறது. வகுத்தலில் மேலும் கீழும் ஒரே திசையில் மழுப்ப வேண்டும். இரண்டையும் கூட்டினாலோ, இரண்டையும் குறைத்தாலோ பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடும். பெருக்கலில் ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும். கூட்டலில் சிலவற்றை ஏற்றிச் சிலவற்றை இறக்க வேண்டும். சில கேள்விகளில் இது முடியாது. அப்போது எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதை மட்டுமாவது நினைவில் வைத்திருந்தால், பாதி ஆப்ஷன்கள் அதனாலேயே கழன்றுவிடும். தோராயத்தைக் குருட்டு யூகத்திலிருந்து பிரிப்பது இந்தத் திசையறிவுதான் என்பேன்.

எங்கே தோராயம் கூடவே கூடாது

முதல் மூன்று மாதங்களின் சராசரிக்கும் கடைசி இரண்டு மாதங்களின் சராசரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்? சற்று முன் பயன்பட்ட அதே மழுப்பலைப் போட்டுப் பாருங்கள். 400, 400, 700இன் சராசரி 500. 530, 470இன் சராசரியும் 500. வித்தியாசம் பூஜ்யம்! உண்மையில் முதலாவது 496, இரண்டாவது 501, வித்தியாசம் 5. ஐநூறில் நான்கு என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழைதான். ஆனால் ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது பெரிய பகுதி ஒழிந்துபோய், மிஞ்சுவதில் பெரும்பகுதி அந்தப் பிழையாகவே இருக்கும். அருகருகே உள்ள எண்களின் வித்தியாசம் கேட்கப்பட்டால் தோராயத்தைத் தொடாதீர்கள். தோராயத்தை நம்புபவர்கள் விழும் முதல் குழி இதுதான்; அனுபவசாலிகளும் இதில் விழுகிறார்கள்.

ஆனால் துல்லியம் என்றால் நீளமான கணக்கு என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. 500ஐ நடுவில் வைத்து விலகலை மட்டும் எழுதலாம். ஆகஸ்ட் 88 குறைவு, செப்டம்பர் 113 குறைவு, அக்டோபர் 189 அதிகம். மூன்றும் சேர்ந்து 12 குறைவு, மூன்றால் வகுத்தால் 4 குறைவு. நவம்பர் 34 அதிகம், டிசம்பர் 32 குறைவு. சேர்ந்து 2 அதிகம், இரண்டால் வகுத்தால் 1 அதிகம். நான்கு குறைவுக்கும் ஒன்று அதிகத்துக்கும் நடுவே ஐந்து. முழுத் துல்லியமான விடை, மனக்கணக்கிலேயே வந்துவிட்டது.

விகிதக் கேள்விகளும் அப்படியே. நவம்பருக்கும் டிசம்பருக்கும் உள்ள விகிதம் என்ன, ஆப்ஷன்கள் 89:78, 87:76, 91:78, 89:76 என்றெல்லாம் இருந்தால் தோராயம் உதவாது. இரண்டு எண்களும் இரட்டைப்படை, இரண்டின் இலக்கக் கூட்டுத்தொகையும் (12, 18) மூன்றால் வகுபடும். எனவே இரண்டும் ஆறால் வகுபடும். 534 என்பது 89 ஆகிறது, 468 என்பது 78 ஆகிறது. முடிந்தது.

ஆப்ஷன்களில் "இவற்றில் எதுவுமில்லை" என்று ஒன்று இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அருகில் இருப்பது என்ற வாதம் அங்கே செல்லாது. மொத்தம் கேட்கப்பட்டு அப்படியோர் ஆப்ஷனும் இருந்தால், குறைந்தபட்சம் ஒற்றை இலக்கங்களையாவது கூட்டிப் பார்க்க வேண்டும்: 2, 7, 9, 4, 8 சேர்ந்து 30, எனவே விடை பூஜ்யத்தில்தான் முடிய வேண்டும்.

"தோராயமாக" என்ற சொல் கேள்வியிலேயே இருந்தால் துல்லியமாகப் போட வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அதைப் பற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை.

வட்டப் படமும் கோட்டுப் படமும்

வட்டப் படத்தில் பாகைகள் கொடுத்திருந்தால், மொத்தத்தை 360ஆல் வகுத்துப் பார்ப்பதே முதல் வேலை. வினா தயாரிப்பவர் பெரும்பாலும் அது சுத்தமாக வகுபடும்படிதான் மொத்தத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். மெட்ரோ நிலையங்களின் பயணிகள் மொத்தம் 45,000, திருவொற்றியூர் தேரடிக்கு 62 பாகை என்று ஒரு கற்பனைப் படம் இருந்தால், ஒரு பாகைக்கு 125 பேர், 62க்கு 7,750. இங்கே தோராயமாக்க முயல்வதுதான் நேரவிரயம். சதவீதங்கள் கொடுத்து இரண்டு துண்டுகளின் விகிதம் மட்டும் கேட்டால் மொத்தத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்: 18 சதவீதமும் 24 சதவீதமும் என்றால் 3:4. கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

கோட்டுப் படத்தில் புள்ளிகளுக்கு எண் எழுதாமல் கட்டக் கோடுகளை மட்டும் கொடுத்திருந்தால், படிப்பதே தோராயம்தான். திரையின் மேல் ஸ்கேல் வைக்க முடியாது. 100க்கும் 150க்கும் நடுவே சற்று மேலே இருக்கும் புள்ளியை 130 என்று எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். அத்தகைய படத்துக்கு ஆப்ஷன்களும் விலகியே இருக்கும். ஒரு பொறியை மட்டும் சொல்ல வேண்டும். கோடு எங்கே அதிகச் செங்குத்தாக ஏறுகிறதோ அங்கேதான் சதவீத வளர்ச்சியும் அதிகம் என்று நினைப்பது தவறு. 60இலிருந்து 75க்கு ஏறும் கோடு 20இலிருந்து 30க்கு ஏறுவதைவிடச் செங்குத்தாகத் தெரியும். ஆனால் முன்னது 25 சதவீதம், பின்னது 50 சதவீதம்.

பாதியில் நின்றுபோன தோராயத்துக்கும் விலை உண்டு

சில நேரங்களில் தோராயம் ஒரே விடையைத் தராமல் இரண்டு மூன்று ஆப்ஷன்களில் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது விட்டுவிடுவதா, ஒன்றைத் தொடுவதா என்பதைக் கணக்கே சொல்லும். ஐந்து ஆப்ஷன், கால் மதிப்பெண் கழிவு என்ற வங்கித் தேர்வில், ஐந்து கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால் சராசரியாக ஒன்று சரி, நான்கு தவறு. ஒன்று வந்து ஒன்று போகிறது, லாபம் இல்லை. தோராயத்தால் இரண்டு ஆப்ஷன்களை நீக்கி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால், ஆறு கேள்விகளில் இரண்டு சரி, நான்கு தவறு. ஒரு மதிப்பெண் மிஞ்சும். இரண்டே ஆப்ஷன்கள் எஞ்சியிருந்தால், எட்டுக் கேள்விகளில் நான்கு சரி, நான்கு தவறு. மூன்று மதிப்பெண் மிஞ்சும். ஆகவே நேரம் முடியும் தறுவாயில், எதையும் நீக்காமல் குத்துமதிப்பாகக் கிளிக் செய்வது வீண். இரண்டையாவது நீக்கிவிட்டுச் செய்வது நியாயமானது.

ரயில்வே தேர்வுகளில் நான்கு ஆப்ஷன்கள், கழிவு மூன்றில் ஒரு பங்கு. அங்கேயும் குருட்டு யூகத்தின் சராசரி லாபம் பூஜ்யம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் கதை வேறு: 200 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. அங்கே ஒரு கேள்விக்கு 54 விநாடி கிடைப்பதால், திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் அவசரத் தோராயத்தைவிட நிதானமான கணக்கையே நான் பரிந்துரைப்பேன்.

பயிற்சி செய்யும் முறை

தோராயம் வேகமாக வர வேண்டுமானால், பின்னங்களின் சதவீத மதிப்பு கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33. பதினைந்தில் ஒன்று வரை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இவை தெரிந்தால் 534இல் 89 என்பதைப் பார்த்ததும் ஆறில் ஒன்று என்று தோன்றும், வகுக்க வேண்டியிருக்காது.

முதல் இரண்டு வாரங்கள் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு டி.ஐ. கேள்வியையும் இரண்டு முறை போடுங்கள்: முதலில் தோராயமாக, பிறகு துல்லியமாக. இரண்டுக்கும் இடையே எத்தனை சதவீதம் விலகியது என்பதைப் பக்கத்தில் குறித்தால், உங்கள் கை எவ்வளவு மழுப்புகிறது என்பது தெரிந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்து கேள்விகள் கொண்ட தொகுப்புக்கு நான்கு நிமிடம் என்று வைத்துத் தொடங்கி, மெல்ல மூன்றரைக்கு இறக்கலாம். சராசரி 34 விநாடி என்றாலும், சுருக்குதல் போன்ற எளிய கேள்விகளில் மிச்சப்படும் நேரம் இங்கே வந்து சேரும் என்பதால் மூன்றரை நிமிடம் கட்டுப்படியாகும்.

தனியாகப் படிக்க வீட்டில் இடமில்லாதவர்களுக்கு, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் தமிழக அரசு கட்டணமின்றி நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு செய்தித்தாள்களில் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும்.

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். ஒவ்வொரு டி.ஐ. கேள்விக்கு எதிரிலும் 'தோ' அல்லது 'து' என்று எந்த முறையில் போட்டீர்கள் என்பதையும், ஆப்ஷன்களின் மிகக் குறைந்த இடைவெளி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தும் 'து' போட்டவை உங்கள் நேரத்தைத் தின்றவை. இடைவெளி சிறிதாக இருந்தும் 'தோ' போட்டவை உங்கள் மதிப்பெண்ணைத் தின்றவை. அடுத்த மாக் டெஸ்ட்டுக்கு முன் இவ்விரண்டு வகைக் கேள்விகளை மட்டும், முறையை மாற்றி, மறுபடி போட்டுப் பாருங்கள்.